குதிரைக்கு முன்னால் போட்ட வைக்கோல்

கடையில் எடை குறைத்துப் போட்டால்கூட ஒன்றும் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்வதற்கே எனக்குக் குரல் எழும்பாது. நாற்பத்தைந்து வயதாகியும் அது மாறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மைதானத்தில் என்னைப் பார்த்தவர்கள், நான் பிறவிச் சண்டைக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். பஸ் ஜன்னல் வழியாக அங்கே கட்டியிருந்த குதிரைகளைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே சிங்கப்பூரில் இருக்கிற அப்பாவிடம் போனில் கேட்டாள். அவர் உடனே சரி என்றார். தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சரி என்று சொல்வது சுலபம். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஊரிலிருந்து ஸ்கூட்டியில் கூட்டிக்கொண்டு போய், வேலியோரம் நின்று, கூட்டிக்கொண்டு வருவது நான்தான். என் நாத்தனார் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டாள், “என்ன அண்ணி, மாப்பிள்ள வீட்டுக்குக் குதிரையிலேயே அனுப்பிடலாம்னு பாக்கறியளா?” நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இப்படிப் போய்விடுவது எனக்கு நன்றாக வரும்.

மகளுக்குக் கொடுத்தது ஒரு செவலைப் பெட்டைக் குதிரை. நல்ல குணம், ஆனால் சாப்பாட்டு ராமி. எதைக் கண்டாலும் வாயை வைக்கும். ஒருநாள் நான் வேலியில் சாய்ந்து நின்றபோது என் தலையிலிருந்த பூவை அப்படியே இழுத்துத் தின்றுவிட்டது. என் மகள் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கும் அந்தக் குதிரையைப் பிடித்துப்போயிற்று.

போட்டி ஐப்பசியில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் கல்யாணத்துக்கே திறந்தவெளியில் பந்தல் போட எல்லாரும் யோசிப்பார்கள். இவர்கள் குதிரைப் போட்டி வைத்தார்கள். முந்தின நாளெல்லாம் மழை. தள்ளிவைக்க மாட்டார்களா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். குதிரைப் பள்ளி நடத்துகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். “சீஃப் கெஸ்ட் தேதி குடுத்துட்டாரு பாப்பா, மாத்த முடியாது” என்றாராம் மாஸ்டர். சீஃப் கெஸ்ட் யார் என்றால், இடம் கொடுத்தவர். ஆற்றங்கரையோரம் அவருக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபமும், அதற்குப் பின்னால் குறுவை அறுத்த வயல்களும், இரண்டுக்கும் நடுவே ஒரு மேட்டு நிலமும் இருந்தன. அந்த மேட்டு நிலம்தான் மைதானம். அந்தப் பக்கத்தில் அவரை இன்னும் மிராசு என்றுதான் சொல்கிறார்கள்.

போட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் உயரத்துக்குக் குறுக்குக் கம்புகள் எட்டு வைத்திருப்பார்கள். குதிரையில் ஏறி எல்லாவற்றையும் வரிசையாகத் தாண்ட வேண்டும். குதிரை ஒரு கம்பின் முன்னால் நின்றுவிட்டால் மணி அடிப்பார்கள், திரும்பச் சுற்றிக்கொண்டு வரலாம். மூன்று தடவை நின்றால் ஆட்டத்தை விட்டு வெளியே. நிற்காமல், கம்பைத் தட்டாமல் முடிக்கிற பிள்ளைகளைச் சென்னைப் போட்டிக்குப் பள்ளிச் செலவிலேயே அழைத்துப்போவார்கள். என் மகளுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சென்னைதான். ஒரு வருஷமாக வேறு பேச்சே இல்லை. தூக்கத்தில்கூடக் காலை உதைத்துக்கொள்வாள்.

அன்று காலை நான் செய்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். மகளின் பூட்ஸுக்குள் சாக்ஸ் நனையாமல் இருக்கப் பால் கவரைக் கிழித்துச் சுற்றினேன். கடிவாள வாரைப் பழைய துண்டால் துடைத்துத் துடைத்து வைத்தேன், நனைந்தால் கையிலிருந்து நழுவும். சேணம் நனையக் கூடாது என்று, நெல் காயப்போடுகிற படுதாவை வீட்டிலிருந்து மடித்து ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதைக் குதிரையின் முதுகில் போர்த்தி, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். குடை இருந்தது. ஆனால் குடையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. குதிரை நனையவில்லை, நான் நனைந்தேன். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“காலைலேந்து இது ஒண்ணுமே சரியாத் திங்கலம்மா” என்றாள் மகள். “மாஸ்டர் தீனி போட வேணாம்னுட்டாரு. வயிறு நெறஞ்சா மந்தமாயிடுமாம்.”

“முடிஞ்சதும் போடுவாங்கடி.”

“அதுக்கு அது தெரியுமா?” என்றாள். செவலை என் பையை மோந்துகொண்டிருந்தது.

முதலில் போன மூன்று பிள்ளைகள் எப்படியோ முடித்தார்கள். அதற்குள் நிலம் கெட்டுப்போயிற்று. மேட்டு நிலம் என்றாலும் களிமண்தானே. நாலு குளம்பு பட்டால் போதும், உழுது பரம்படித்த மாதிரி ஆகிவிடும். நாலாவது குதிரை கம்பைத் தாண்டி இறங்கியபோது முன்னங்கால் வழுக்கி மண்டியிட்டது. மேலே இருந்த பையன் சேற்றில் விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. ஆனால் காரிலிருந்து அவன் அம்மா போட்ட சத்தத்தில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

ஷாமியானாவில் சோபா போட்டு உட்கார்ந்திருந்த மிராசும் எழுந்தார். தன்னுடைய ஆட்களைப் பார்த்துக் கையை வீசினார்.

“என்னய்யா நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க? களத்துல வைக்கோல் கிடக்குல்ல? அள்ளியாந்து போடுங்கய்யா!”

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாமல் என்ன? எங்கள் பக்கத்தில் சேறு என்றால் வைக்கோல்தான். கல்யாண வீட்டு வாசல், கோயில் வாசல், துக்க வீடு, எங்கே காலை வைக்க முடியாமல் போனாலும் ரெண்டு கட்டு வைக்கோலைப் பிரித்துப் போட்டுவிடுவோம். மனுஷர்கள் நடப்பதற்கு அதைவிட நல்லது கிடையாது. அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் நெல் விளைகிற ஊர்க்காரர்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை, இது மனுஷர்களுக்குப் போடுகிற பாய் இல்லை, பட்டினி கிடக்கிற குதிரைக்கு முன்னால் விரிக்கிற இலை என்று.

டிராக்டர் பெட்டியில் வைக்கோல் உருளைகள் வந்தன. மிஷின் கட்டியவை. மழையில் நனைந்து, வியாபாரி எடுக்காமல் விட்டுப் போனவையாக இருக்கும். எங்கள் வயலிலும் அப்படித்தான் கிடந்தது. உருளைகளைப் பிரித்து, ஒவ்வொரு கம்பின் முன்னாலும் மெத்தை மாதிரிப் போட்டார்கள். வாசனை வந்ததுமே செவலை இரண்டு காதையும் நிமிர்த்திவிட்டது.

நான் மாஸ்டரிடம் போனேன். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நின்றேன்.

“சார், அது தின்னுமே…”

“எதும்மா?”

“குதிரை. வைக்கோல.”

“டிரெயினிங் குடுத்த குதிரைம்மா அது, மாடு இல்ல” என்று சிரித்தார். “பாப்பாவ ஏறச் சொல்லுங்க. அடுத்தது அவதான்.”

என் மகள் ஏறினாள். நான் படுதாவை உருவிக்கொண்டு, அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தேன். மைக் பிடித்திருந்தவர் அவள் பெயரையும் ஊரையும் சொன்னார். மகள் வட்டமாக ஒரு சுற்று வந்தாள். நன்றாகத்தான் வந்தாள், முதுகு நேராக, குதிகால் கீழே அழுத்தி. முதல் கம்பை நோக்கித் திருப்பினாள். செவலை நாலு எட்டு வேகமாக எடுத்து வைத்தது. வைக்கோலுக்கு வந்ததும் நின்றது. நின்று, தலையைக் குனிந்து, ஒரு வாய் அள்ளியது. வார் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. அவள் குதிரையின் கழுத்து மேல் சரிந்து, பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ திரும்ப ஏறி உட்கார்ந்தாள்.

மணி அடித்தது.

“பாருங்க, குதிரைக்கு டிபன் டைம்!” என்றார் மைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். கார்க் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாவது தடவை அவள் இன்னும் வேகமாகக் கொண்டுவந்தாள். காலால் உதைத்தாள். நின்றது, குனிந்தது, தின்றது. “சட்னி கேக்குது போலருக்கு” என்றார் மைக்காரர். மூன்றாவது தடவை மைக்காரர் ஒன்றும் சொல்லவே தேவையில்லை, சிரிப்பு முன்னாலேயே வந்துவிட்டது. நீளமாக மணி அடித்தார்கள். ஒரு கம்பைக்கூடத் தாண்டாமல் என் மகள் வெளியே வந்தாள். செவலையின் வாயில் வைக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும். கீழே இறங்காமலே சொன்னாள், “அம்மா, வைக்கோல எடுத்துட்டா தாண்டும்மா. போய்ச் சொல்லும்மா.”

என் கையிலிருந்த போனிலிருந்து அவள் அப்பாவும் கத்தினார். முழுவதும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏய், அநியாயமா இருக்கே! போய்க் கேளு! நறுக்குனு நாலு வார்த்தை கேளு! நான் மட்டும் அங்க இருந்தேன்னா…”

அவர் இங்கே இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

ஷாமியானாவில் மேஜைக்குப் பின்னால் ஜட்ஜ் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர், வயதானவர், தொப்பி போட்டிருந்தார். பக்கத்தில் மாஸ்டர். அவர்களுக்குப் பின்னால் சோபாவில் மிராசு. எதிரில் போய் நின்றேன். என் புடவையிலிருந்து தண்ணீர் அவர்கள் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் சொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“சொல்லுங்கம்மா” என்றார் ஜட்ஜ்.

“வைக்கோல்…” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

மாஸ்டர் எழுந்து வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார். “அம்மா, சார் காது கேக்க வைக்கோலப் பத்திப் பேசாதீங்க. எடம் குடுத்தது அவரு, வைக்கோல் குடுத்ததும் அவரு. அதனாலதான் குதிரை நின்னுச்சுன்னு நாம சொன்னா அவருக்கு என்ன மரியாதை? பாப்பாவுக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“ரூல் ரூல்தாம்மா” என்றார் ஜட்ஜ், அங்கிருந்தே. “மூணு தடவை நின்னாச்சு.”

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். எப்போதும் ஆட்டுகிற தலை. ஆனால் திரும்பி நடந்தபோது மகள் இருந்த பக்கம் போக முடியவில்லை. அவளிடம் போய் என்ன சொல்வது? அடுத்த பிள்ளை குதிரையில் ஏறிக்கொண்டிருந்தான். கால் தானாக, சுற்றிலும் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் போயிற்று.

முதல் கம்பின் முன்னால் படுதாவை விரித்தேன். குனிந்து, இரண்டு கையாலும் வைக்கோலை அள்ளிப் போட ஆரம்பித்தேன். மிஷின் அறுத்த வைக்கோல் ஒடிந்து துண்டுதுண்டாக இருக்கும், கட்டுவதற்குப் பிரிக்கயிறு திரிக்க வராது. படுதாவில் போட்டு இழுக்கத்தான் முடியும். நனைந்த வைக்கோல் கல் மாதிரி கனத்தது.

“யாரும்மா அது? அம்மா, கிரவுண்ட விட்டு வெளிய வாங்க!” மைக் அலறியது. “பச்சப் புடவை அம்மா, உங்களத்தான்!”

நிமிரவே இல்லை. நிமிர்ந்திருந்தால் அத்தனை முகங்களையும் பார்த்திருப்பேன், பார்த்திருந்தால் ஓடிப்போயிருப்பேன். சேற்றைப் பார்த்துக்கொண்டே அள்ளினேன். இரண்டாவது கம்பு. மூன்றாவது கம்பு. அப்போது பக்கத்தில் இரண்டு ஷூ கால்கள் வந்து நின்றன. அடுத்து ஓட்ட வேண்டிய பையனின் அப்பா.

“கரெக்ட் மேடம், நீங்க பண்றது” என்றார். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அவரும் அள்ளினார். இன்னும் இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். நியாயத்துக்காக வந்தார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். மிராசின் ஆட்களே கடைசியில் வந்து மீதியை ஓரமாக ஒதுக்கினார்கள். எல்லாக் கம்பும் சுத்தமாயிற்று.

“நன்றி, நன்றி” என்றார் மைக்காரர். “போட்டி தொடர்கிறது. அடுத்ததாக…” என்று அந்தப் பையனின் பெயரைக் கூப்பிட்டார்.

ஷூ போட்ட அப்பா கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினார், தன் பையனிடம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வைக்கோலுக்கு முன்னால் போனவர்களுக்கும் வைக்கோல் இல்லை, இனிமேல் போகிறவர்களுக்கும் வைக்கோல் இல்லை. அத்தனை பிள்ளைகளில் என் பிள்ளைக்கு மட்டும்தான் வைக்கோல். அதை எடுத்து மற்றவர்களுக்கு வழி பண்ணிக் கொடுத்தவள் நான்.

படுதாவின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். மைதானத்தின் குறுக்கே, கயிற்றுக்கு அடியில், கார்கள் வந்து திரும்புகிற பாதை வழியாக ஷாமியானா வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். சிவப்புக் கம்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் போட்டேன். மிராசு சோபாவில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ஐயா, இது உங்க வைக்கோல்” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, கிறீச்சென்று வந்தது. “பட்டினி கிடக்கிற குதிரை முன்னாடி போட்டீங்க. அது தின்னுச்சு. எம் பொண்ணு என்ன பண்ணுவா? இப்ப எல்லாருக்கும் எடுத்தாச்சுல்ல? அவ திரும்ப ஓட்டணும்.”

“அம்மா!” என்று மாஸ்டர் பாய்ந்து வந்தார்.

மிராசு கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

“அட, தங்கச்சி ஏன் இவ்ளோ சூடாவுது? சின்னப் புள்ள, ஆசைப்படுது. ஓட்டிட்டுப் போகட்டும் விடுங்கய்யா. எனக்காக.”

அவருக்காக! ஷாமியானாவில் இருந்தவர்கள் பெரிய மனசு என்று தலையாட்டினார்கள்.

ஜட்ஜ் மாஸ்டரின் காதில் என்னவோ சொன்னார். மாஸ்டர் என்னிடம் வந்து சொன்னார், “கடைசியா ஓட்டச் சொல்லுங்க. ஆனா கணக்குல வராதும்மா. சும்மா ஓட்டலாம், அவ்ளோதான். சென்னைக்கெல்லாம் கேக்கக் கூடாது.”

மகளிடம் போய், “கடைசியா ஓட்டச் சொன்னாங்க” என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஹெல்மெட் பக்கிளை இறுக்கிக்கொண்டாள்.

எல்லாரும் முடிக்கும்போது மழை சாத்து சாத்தென்று சாத்தியது. மைதானம் நடவுக்குத் தயாரான வயல் மாதிரி ஆகியிருந்தது. இந்தச் சேற்றில் போக வேண்டாம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்விட்டாள்.

செவலைக்கு இப்போது குனிவதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கம்பாக வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, திருப்பங்களில் அகலமாகச் சுற்றி, நேராகக் கொண்டுவந்தாள். சேறு அவள் முகத்தில் அடித்தது. அஞ்சாவது கம்பில் பின்னங்கால் வழுக்கியது. குதிரை சமாளித்துக்கொண்டது. எட்டாவது கம்பையும் தாண்டி, ஒன்றைக்கூடத் தட்டாமல், ஒரு தடவைகூட நிற்காமல் அவள் முடித்தபோது நான் ஷாமியானாவைத் திரும்பிப் பார்த்தேன். ஜட்ஜின் நாற்காலி காலியாக இருந்தது. மேஜையை இரண்டு பேர் மடக்கிக்கொண்டிருந்தார்கள். மைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கக்கூட ஆள் இல்லை.

அவள் என்னிடம் வந்து இறங்கினாள். பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது.

“சென்னைக்கு உண்டாம்மா?”

“இல்லடி. கணக்குல சேக்க மாட்டாங்களாம்.”

“அப்ப எதுக்கு ஓட்டச் சொன்னாங்க?”

முந்தானையால் அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தேன்.

ஷாமியானாவில் பரிசு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மெடல் உண்டு. வரிசையாக நின்ற பிள்ளைகளின் கழுத்தில் மிராசு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மைக்காரர் என் மகளின் பெயரைக் கூப்பிட்டார். அவள் செவலையின் கடிவாளத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். கழுத்துக் கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அவள் வரிசைக்குப் போகவில்லை. ஷாமியானா வாசலில், கம்பளத்தின் ஓரத்தில், என் படுதாவில் குவிந்து கிடந்த வைக்கோலுக்கு முன்னால் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். செவலை தலையைக் குனிந்தது.

“பாப்பா, குதிரையைக் கொண்டுபோய்க் கட்டிட்டு மெடல் வாங்க வா” என்றார் மாஸ்டர்.

“டிபன் டைம் சார்” என்றாள் என் மகள்.

மைக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மிராசு ஒரு மெடலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கழுத்தில் போடுவது என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கிளம்ப வேண்டும் என்றார். அவருடைய கார் வாசலுக்கு வந்தது. அதற்கும் வாசலுக்கும் நடுவில் குதிரை நின்றுகொண்டிருந்தது.

“ஏம்மா, கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லக் கூடாதா?” என்று மாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் அவர் முடிப்பதற்குள் நகர்ந்திருப்பேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். செவலை ஒரு காதை மட்டும் ஆட்டிவிட்டு மென்றுகொண்டிருந்தது. மகள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். நான் குனிந்து, படுதாவின் முனையை இழுத்து, தள்ளிக் கிடந்த வைக்கோலையும் அதன் வாய்ப் பக்கம் சேர்த்துவிட்டேன்.